மெஹ்ரீனின் ஒளு

காந்தி மார்க்கெட் பேரீச்சம்பழக் கடையில் காலையிலிருந்து நின்று வேலை பார்த்ததால், பல் டாக்டரிடம் போக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறும்போதே வஹீதாவுக்குக் கால் கடுத்தது. மகள் மெஹ்ரீன் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு சீட்டு வேணும்போல," என்றான் ஒருவன். ஒரு பூக்காரம்மா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "இங்க வா கண்ணு, தாராளமா எடமிருக்கு."

மெஹ்ரீனுக்கு வயது பதினொன்று. ஈறு வீங்கி, வாய் நாறியது. வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நாலு நாளாக வீட்டில் கிடக்கிறாள்.

பல் டாக்டர் ஆனந்தவள்ளி எடுத்ததும் அவள் உடம்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. "பல்லு தேய்க்கிறியாடா?" என்றுதான் கேட்டார்.

"சோம்பேறிங்க. தினமும் கத்துறேன்," என்றாள் வஹீதா.

மெஹ்ரீன் துப்பட்டாவை இறக்கினாள். "தேய்ச்சா ரத்தம் வருது. ரத்தம் வந்தா ஒளு முறிஞ்சிடும்."

டாக்டர் வஹீதாவைப் பார்த்தார். "தொழுகைக்கு முந்தி கை, வாய், முகம், காலெல்லாம் கழுவுறதுங்க. ரத்தம் ஓடுனா மறுபடி செய்யணும்," என்றாள் வஹீதா.

"விடியக்காலைல அம்மா அசந்து தூங்குறாங்க. திரும்பத் திரும்பக் குழாயத் தொறந்தா முழிச்சுக்குவாங்க," என்றாள் மெஹ்ரீன்.

"தேய்க்காததாலதான் ரத்தமே வருது," என்றார் டாக்டர். "எடை கூடுன பிள்ளைங்களுக்கு ஈறு சுலபமா வீங்கும். பிஸ்கட்டும் ஜூஸும் எடைக்கும் ஆகாது, ஈறுக்கும் ஆகாது. யாரு வாங்குறா?"

"நாந்தாங்க. தனியா இருக்காளேன்னு..."

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார். திரும்பும் வழியில் வஹீதா பேக்கரியைத் தாண்டிப் போய்க் கொய்யாப்பழம் வாங்கினாள்.

மறுநாள் விடிகாலை பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்பே, எழ மறுத்த உடம்பை எழுப்பிக்கொண்டு, சொம்போடு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஹ்ரீன் பல் தேய்த்துத் துப்பியதில் ரத்தம் இருந்தது. கண் கலங்கினாள்.

"இருக்கட்டும்மா. நிக்கட்டும், அப்புறம் ஒளு செய். மறுபடி வந்தா மறுபடி செய்வோம். நான் தண்ணி ஊத்துறேன். அல்லாஹ் பாத்துட்டுதான் இருக்கான்."

தொழுது முடித்ததும் மெஹ்ரீன் முகத்தை அருகே கொண்டுவந்தாள். "இன்னும் நாறுதாம்மா?"

"கொஞ்சம் நாறத்தான் செய்யுது."

மெஹ்ரீன் வாயை மூடாமல் சிரித்தாள். பிறகு, கொடியில் கிடந்த யூனிபார்மை எடுத்தாள்.