என் முட்டிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகியும் என் முட்டி அடங்கவில்லை. நான் படியேறும்போது போடும் சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் எழுந்து உட்காரும். முப்பத்திரண்டு வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று துளியும் வருந்தாமல் சொன்ன தொண்டை இது.

மூட்டு டாக்டரிடம் நாலு தடவை சண்டை போட்டேன்.

"நீங்க குடுக்கற மாத்திரைக்கு, சுவத்துச் சுண்ணாம்பச் சுரண்டித் தின்னிருக்கலாம் டாக்டர்."

அவர் பெருமூச்சு விடுவார், டோஸை ஏற்றுவார். நாளுக்கு இரண்டில் ஆரம்பித்து ஆறில் வந்து நின்றது.

நான் தங்கை வீட்டில் இருக்கிறேன். வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு அறை டப்பாவில் பிரித்துப் போடுவது அவள் மகள், பதினேழு வயதுக்காரி. யாரும் சொல்லாமல் அவளே எடுத்துக்கொண்ட வேலை. இப்படி ஒரு பெண் ஏழு உலகத்திலும் கிடையாது என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மாத்திரை தொண்டையில் இறங்காமல் நாக்கிலேயே கரைந்தது. கசக்கவில்லை, இனித்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு நொண்டினேன்.

கடைக்காரர் ஒன்றை உள்ளங்கையில் உருட்டினார். "இது கால்சியம்மா. குழந்தைங்க சப்பறது."

"அப்ப என்னுது எங்கய்யா?"

"நேத்துதானே உங்க வீட்டுப் பொண்ணு மொத்தமா வாங்கிட்டுப் போச்சு?" சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

சாயங்காலம் நாலு மணி. வீட்டில் அவள் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் படிக்கிறாள், பாவம் என்று நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போவோமே, அந்தத் தூக்கம்.

"எழுந்திருடி. எனக்கு மிட்டாயக் குடுத்துட்டு என் மாத்திரைய என்ன பண்ணின?"

ஏதேதோ மழுப்பினாள். பிறகு அழுதாள்.

"பரீட்சை பயத்துல தூக்கம் வரல பெரிம்மா. உங்க வலி மாத்திரை போட்டா நல்லாத் தூங்கலாம்னு ஒண்ணு போட்டேன். அப்புறம் ரெண்டு. இப்ப நிறுத்தினா உடம்பு உதறுது, வாந்தி வருது. நீங்க வேற டாக்டர்கிட்ட போய்ப் போய் ஏத்திட்டே வந்தீங்க."

நான் போட்ட சண்டையெல்லாம் அவள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. எனக்கு ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை.

தங்கை ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியதுதான். "மெதுவா பேசுக்கா, மேல்வீட்டுக்குக் கேட்கும்."

அவள் கணவர் இன்னும் ஒருபடி மேல். "மூணு வாரத்துல பரீட்சை. முடியட்டும், பார்த்துக்கலாம். அதுவரைக்கும் மாத்திரைய பீரோல வச்சுப் பூட்டிடுங்க."

"அவ உடம்பு கேட்டா உங்க பீரோவா மாப்பிள்ளை பதில் சொல்லும்?"

இவர்களோடு பேசிப் பேசி என் ஆயுளில் பத்து வருஷம் போயிற்று. பையை எடுத்தேன், அவள் கையைப் பிடித்தேன், டாக்சியில் ஏற்றினேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததுமே பேனாவைத் திறந்தார். "இன்னிக்கு எத்தனையாக்கணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இவளக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அறுவை சிகிச்சையே இதைவிடச் சுலபம்.

"ஆறு," என்றாள். பிறகு, "அது பத்தாம கூடப் படிக்கிறவகிட்டயும் வாங்கினேன். நேத்து ஒன்பது."

கொசுவை யானையாக்குகிற எனக்கே அந்த எண்ணைக் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை.

திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும், இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும், கூட ஒருவர் தங்கவேண்டும் என்றார் டாக்டர். அவளுடைய செல்போன் விடாமல் அடித்தது. அப்பா.

"பரீட்சை போச்சுன்னா அவர் எங்கிட்ட பேசவே மாட்டார் பெரிம்மா."

"பேசலேன்னா நிம்மதிடி, காதுக்கு நல்லது."

வார்டில் கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் கைகள் நடுங்க ஆரம்பித்தன. "நீங்க இருப்பீங்கதானே? ஆனா திட்டிட்டே இருப்பீங்க."

"பின்ன கொஞ்சுவாங்களா? நகருடி, அந்த நாற்காலிய இப்படித் தள்ளு. முட்டி உயிர் போகுது."