சொந்தக்காரர் இல்லாத ஊர்

பாலேஸ்வரி லண்டனுக்கு மூன்று தரம் போனவள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஈஸ்ட்ஹாமில் மாமி வீட்டுக் குசினி அடுப்பைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாரிஸில் சித்தப்பா மகள் வீட்டில் பத்து நாள் நின்று மீன் வெட்டினாள். சிட்னியில் பெறாமகளின் குழந்தையை நித்திரையாக்கினாள். நம்முடைய சனத்துக்குச் சுற்றுலா என்றால் அதுதான். போன ஊரில் உறவுக்காரர் வீடு ஒன்று இருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும், நின்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. தப்பித்தவறி ஹோட்டலில் நின்றுவிட்டால், குடும்பத்துக்குள் கொலை விழுந்ததுபோலக் கதைப்பார்கள்.

அறுபத்திரண்டு வயதில், கனடாவில், ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நாலு நாள். சமைக்காத, ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றாத நாலு நாள். பல் டொக்டரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் பார்த்த சவானா என்ற ஊரைத் தெரிந்தெடுத்தாள். அமெரிக்காவின் தெற்கில், பழைய செங்கல் வீடுகளும், பாசி தொங்கும் பெரிய மரங்களும், நடந்தே பார்க்கக்கூடிய சதுக்கங்களுமாக இருந்தது அந்த ஊர். எல்லாவற்றையும் விட, அங்கே அவளுக்குத் தெரிந்த ஈ காக்கைகூட இல்லை. கார்த்திகையிலேயே பதினாலு அறை கொண்ட ஒரு பூட்டிக் ஹோட்டலில் இடம் பிடித்துவிட்டாள்.

தை மாதம் தம்பி ஸ்ரீதரன் டெக்சாஸிலிருந்து போன் எடுத்தான். வேலை மாறிவிட்டதாம், இனிச் சவானாத் துறைமுகத்திலாம். வீடும் வாங்கியாச்சாம், நகரத்திலிருந்து அரை மணித்தியாலம்தானாம். பாலேஸ்வரிக்குத் தலை சுற்றியது. உலகத்தில் அவனுக்கு வேறு துறைமுகமே கிடைக்கவில்லையா?

செய்தி டொரொன்டோ முழுக்கப் பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. பக்கத்து வெக்ஸ்போர்டிலிருந்து அண்ணர் இராஜரட்ணம் நேரே அவள் வீட்டுக்கு வந்து கதிரையில் குந்தினார்.

"ஹோட்டலைக் கான்சல் பண்ணு, பிள்ளை. உடன்பிறந்தவன்ரை வீடு இருக்கேக்கை நீ வெளியிலை நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் அண்ணை. நான் நடந்து பாக்கப் போறன், அவை இருந்து கதைக்கட்டும்."

"அவனுக்கு மனம் நோகும்."

"எனக்கு முப்பது வருசமா நோகுது. ஒருத்தரும் கேக்கேல்லை."

அண்ணர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார். அவருக்கு முன்னால் விட்டுக்கொடுக்காமல் பேசினாலும், அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். இந்த நாலு நாளையும் பறிகொடுத்தால் இனித் தனக்கென்று ஒரு நாளும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயம்தான் சித்திரையில் அவளைப் பிளேனில் ஏற்றியது.

முதல் நாள் காலை ஹோட்டலில் எழும்பியதும், கை தன்பாட்டில் போர்வையை மடித்துவிட்டது. பாலேஸ்வரி மடித்ததைப் பார்த்தாள். பிறகு அதை உதறி, கசக்கி, கட்டிலில் தாறுமாறாக எறிந்துவிட்டுத்தான் வெளிக்கிட்டாள். அன்று எட்டுச் சதுக்கம் நடந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, எழும்ப மனம் வந்தபோதுதான் எழும்பினாள். கல் பதித்த ஒழுங்கையால் ஆற்றங்கரைக்கு இறங்கி, கப்பல் போவதைக் கடைசிவரை பார்த்தாள். ஒருவரும் "அக்கா, உப்பு எங்கை?" என்று கேட்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. தெரிந்தவர்கள் இல்லாத இடம்தானே என்று வடிவாக அழுதாள்.

இரண்டாம் நாள் தொப்பியோடு கீழே இறங்க, வரவேற்பறையில் ஸ்ரீதரன் நின்றான். பக்கத்தில், வெல்வெட் கதிரையின் நுனியில், அவன் மனைவி பிரதீபா. அண்ணர்தான் ஹோட்டலின் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும்.

"அக்கா, சூட்கேஸை எடுங்கோ. கார் வாசலிலை நிக்குது."

"நான் வரேல்லை, தம்பி."

"என்ன கதை உது? இவ விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சவ. புட்டு, ஆட்டிறைச்சி, கணவாய் எல்லாம் செய்து வைச்சிருக்கிறா. நீங்கள் வராட்டி அதை என்ன செய்யிறது?"

அந்தக் கேள்வி பாலேஸ்வரியை அசைத்துத்தான் போட்டது. நாலு மணிக்கு எழும்பிக் கணவாய் துப்புரவாக்குவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவள் பிரதீபாவைப் பார்த்தாள். லண்டனிலும் பாரிஸிலும் கண்ணாடியில் கண்ட தன்னுடைய களைப்பை அந்த முகத்தில் கண்டாள்.

"பிரதீபா, நீர் இந்த ஊரிலை என்னென்ன பாத்தனீர்?"

பிரதீபா புருசனைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"ஒண்டும் பாக்கேல்லை, மச்சாள். வந்த நாள் தொடக்கம் டொரொன்டோவிலை இருந்து ஆராவது வந்து நிக்கினம். இண்டைக்குத்தான் டவுனுக்குள்ளையே வந்தனான்."

பாலேஸ்வரிக்குக் கோபம் தலைக்கேறியது. சனம் என்ன கதைக்கும் என்று கேட்ட அத்தனை பேரும் இவளுடைய கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் கதைத்திருக்கிறார்கள்.

"அப்ப நீர் இஞ்சை நில்லும். மேலை ரெண்டு கட்டில் கிடக்கு. நான் வெளிக்கிடுற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னோடை நடந்து பாரும்."

ஸ்ரீதரன் சிரித்தான். "அக்கா, பகிடி விடாதையுங்கோ."

"நான் பகிடி விடேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக நீ வந்தாய், நான் வரமாட்டன். இவ நிக்கிறதும் போறதும் இவவின்ரை விருப்பம்."

பிரதீபா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மாத்து உடுப்பு இல்லை, மச்சாள்."

"என்ரை இருக்கு."

பிரதீபா எழும்பினாள்.

"உமக்கென்ன விசரே?" என்றான் ஸ்ரீதரன்.

"புட்டு மேசையிலை மூடிக் கிடக்கு. கறி அடுப்பிலை. எப்பவும்போலை ஒரு பட்டாளத்துக்குச் சமைச்சது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்களுக்குப் போதும்."

இரண்டு பெண்களும் வாசல் படியால் இறங்கினார்கள். சதுக்கத்து மரநிழல் தெருவைத் தாண்டி வந்திருந்தது. பின்னால் ஸ்ரீதரனின் குரல் கேட்டது.

"பிரதீபா, கறியை எத்தினை நிமிசம் சூடாக்கிறது?"

பழக்கதோஷத்தில் பிரதீபா பதில் சொல்லத் திரும்பினாள். பாலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கண்டுபிடிப்பான். நீர் வாரும்."