கட்டாத தழை

வெண்முகில் மலையிடுக்குகளில் அடைந்து கிடக்க, கற்பிளவுதோறும் ஒரு பிடி மண்ணைப் பற்றிக்கொண்டு சோளம் நிமிர்ந்து நிற்க, கூரைப்புகை மேலேற மனமின்றித் தாழத் தவழும் தோங்வான் மேட்டின் காலைப்பொழுதில், அருமை வாசகரே, இருமிக்கொண்டே ஏறி வந்தது ஓர் ஈருருளி. அதன்மேல் அமர்ந்தவர், அம்மேட்டின் மலைக்குடிகளான மோங் மக்களுக்கு வண்டி பழுதுபார்க்கப் பயிற்றுவிக்கும் சமவெளி ஆசான் துயேன். தேர்வின் இறுதி நாளாகியும் வாராத மாணவி சூவாவை அழைத்துச் செல்ல வந்தவர், கல்மதிற் கதவைத் தள்ளி நுழைந்தார். வண்டியும் முற்றத்தில் கடைசியாய் இருமி உயிர்விட்டது.

“ஐயோ சார், வாசல்ல தழையப் பாக்கலயா?” என்று அலறினாள் சூவா.

“எந்தத் தழை?”

சூவாவின் மகனுக்குக் காய்ச்சல். நோயுற்ற குழந்தைக்கு உயிரழைக்கும் சடங்கு நிகழ்ந்த வீட்டில், வாயிலிற் கட்டிய பச்சைத்தழை அவிழும்வரை எவரும் புகலாகாது, போகலாகாது; அறியாது புகுந்தவர் வெளியேறினாலோ, குழந்தையின் உயிரும் அவர் பின்னே நடந்துவிடும். அத்தழையோ அப்போது ஆட்டின் வாயில் பாதியாய் அசைந்துகொண்டிருந்தது.

சூவாவின் மாமியார் கதவைச் சாத்தினாள். “வந்தது வந்துட்டீங்க வாத்தியாரே. மூணு நாள் சோளமாவு தின்னுங்க. ஒடம்புல சதையே இல்ல.”

“எனக்கு வேலை இருக்கும்மா!”

“ஆட்டுகிட்ட சொல்லுங்க.”

கூண்டுப்புலியென உலவத் தொடங்கி, நண்பகலில் கூண்டுப்பூனையாய்ச் சுருண்ட ஆசானிடம் சூவா வந்தாள். “சார், நீங்க இங்க, நான் இங்க, செத்த வண்டியும் இங்க. தேர்வுக்கு வேற என்ன வேணும்?”

மறுமொழிக்குக் காத்திராமல் வண்டியைப் பிரித்தாள். எரிபொருள் புகும் நுண்துளையில் மலைத்தூசி அடைத்திருக்கக் கண்டு, தான் திரித்த சணல்நாரை ஊசியெனச் செலுத்தித் துலக்கி, மீண்டும் பூட்டி உதைத்தாள். வண்டி முழங்கிற்று, காய்ச்சல் தணிந்த குழந்தை உள்ளிருந்து சிரித்தது.

“தேறிட்டம்மா! சந்தை முக்குல கடை போடு. மொத கிராக்கி நான்தான்.”

“போடட்டுமே, யாரு வேணாம்னா?” என்றாள் மாமியார். “சோளம் அறுக்கட்டும். அப்புறம் சணல் இருக்கு. அப்புறம் இவனுக்கு ஒரு தம்பி பொறக்கட்டும்.”

சூவா கைக்கரியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் வாயிலில் எஞ்சிய காம்பை அவிழ்த்தனர். சிறைநீங்கிய கிளிபோல் பறந்த ஆசான், வளைவில் திரும்பி நோக்கினார். கதவு விரியத் திறந்திருந்தது. ஆடு விருப்பம்போல் போய்வந்துகொண்டிருந்தது. சூவா மட்டும் வாயிலுக்கு உட்புறமே நின்றாள். கட்டிய தழையை ஆடு தின்றுவிடும். கட்டாத தழையைத் தின்னும் ஆட்டை எம்மலையில் தேடுவோம், வாசகரே?