கொசுறு மீன்

பெற்ற மகளின் ஒரு சனிக்கிழமைக்கு விலை ஆயிரம். இந்த விலையைக் கண்டுபிடித்தவர் முக்கால். விவாகரத்து வக்கீலின் அறையில், மனைவிக்கு மாதா மாதம் தரவேண்டிய பணத்தில் நாலாயிரத்தைக் குறைத்தால், மகளோடு இருக்கத் தனக்கு ஒதுக்கிய வாரம் இரண்டு நாளில் சனியை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். மாதத்துக்கு நாலு சனி, வகுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு சட்டென்று தலையாட்டியதும் அவருக்கு உறுத்திய ஒரே விஷயம், ஐயாயிரமாகக் கேட்டிருக்கலாமே என்பதுதான்.

பூட்டும் கீலும் மொத்த வியாபாரம் செய்பவர். சொன்ன விலையில் முக்கால் பங்குக்கு மேல் எதற்கும் கொடுத்ததில்லை என்பதால் கடைத்தெரு வைத்த பெயர் அது.

இரண்டு வருடமாக ஞாயிறு மட்டும் மகள் வருவாள். பத்து வயது. செருப்பைக் கழற்றுவாள், தோள்பையைக் கழற்ற மாட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல அஞ்சு மணி வரை சோபா நுனியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிறு, புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல்மீன்.

"இந்த மீன் ஜோடியா வாங்கி வச்சா, லீவுக்கு பதினஞ்சு நாள் இங்கயே இருக்கேன்பா. தினம் நான்தானே தீனி போடணும்."

"இருபது நாளா இருக்கட்டுமே."

"பதினஞ்சுதான்."

யார் மகள் அவள்? முக்காலுக்கு வயிறு குளிர்ந்தது. மறுநாளே மீன் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மாவின் சேலைத் தலைப்பு எப்போதும் ஈரமாக இருக்கும், பேச்சில்தான் ஈரமே இருக்காது. தொட்டி, பாறை, விளக்கு, மூட்டை உப்பு எல்லாம் எழுதிக்கொடுத்தாள்.

"உப்பைக் கரைச்சதும் மீனை விடக்கூடாது அண்ணே. தண்ணி பழுக்கணும். ஆறு வாரம்."

"நாலு வாரமாக்கும்மா."

"அதைத் தண்ணிகிட்ட பேசுங்க."

"சரி, அந்த வரிபோட்ட மீனையும் ஆரஞ்சோட சேர்த்து விடலாமா?"

"பக்கத்துல நிக்கிறதை முழுங்கிடும். யாரோட யாரு ஒத்துப்போவாங்கன்னு பார்த்துத்தான் ஒரு தொட்டியில சேர்க்கணும்."

"இதை என் கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார் முக்கால்.

ஆறு வாரம் பொறுத்தார். ஆரஞ்சு ஜோடிக்கு அவள் ஒரு காசு குறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக முழு விலையை எண்ணி வைத்தபோது விரல் ஒட்டிக்கொண்டது. கூடுதலாக ஒன்றும் வாங்காமல் படியிறங்கக் கால் வருமா?

"கொசுறா ஏதாவது போடும்மா."

"கத்திரிக்காயா வாங்கினீங்க? கொசுறுன்னா இந்த நீல மீன்தான் இருக்கு. முரடு. ஆரஞ்சு ரெண்டும் பழகி ஒரு மாசம் ஆனப்புறம் கடைசியா விடணும்."

"ஜோடி இங்கயே இருக்கட்டும், அடுத்த திங்கக்கிழமை எடுத்துக்கறேன். நீலத்தை இப்பவே கொடு."

"அதான் கடைசின்னு சொன்னேனே."

"கொசுறைக் கடனா விடக்கூடாதும்மா."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பாரா அவர்? அவர் கணக்கு வேறு. புதுத் தண்ணீர் எப்படியோ? விலை கொடுத்ததை இறக்குமுன் சும்மா வந்ததை விட்டுப் பார்ப்போம். செத்தால் கொசுறுதானே.

கொசுறு சாகவில்லை. கட்டைவிரல் அளவு நீலம், ஒரு வாரத்தில் பாறைக்குப் பாறை ரோந்து சுற்றியது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். இதற்கு மடத்தையே முதலில் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை ஆரஞ்சு ஜோடி இறங்கியதும் துரத்தித் துரத்திக் கடித்தது. முக்கால் வலையோடு நின்றார். அது பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது. கடைக்குப் போன் போட்டார்.

"நீலத்தைத் திருப்பி எடுத்துக்கோம்மா."

"பிடிச்சுட்டு வாங்க, எடுத்துக்கறேன். பாறை மொத்தத்தையும் வெளிய எடுக்காம மாட்டாது. அது உள்ள இருக்கிறவரை இன்னொரு ஜோடி கேட்டாலும் தர மாட்டேன்."

பாறையை எடுத்தால் ஆறு வாரமும் வீண் என்று அவராகவே முடிவுகட்டி, பழகிவிடும் என்று காத்திருந்தார். வியாழக்கிழமை ஆரஞ்சில் ஒன்று செத்து மிதந்தது. சனிக்கிழமை, அன்றைக்குத்தான் அவருக்கு வேலையே கிடையாதே, நாள் முழுக்கத் தொட்டி முன்னால் உட்கார்ந்து மற்றது சாவதைப் பார்த்தார்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். வாசலிலேயே பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள்.

"ஆரஞ்சு எங்கப்பா?"

சொன்னார்.

"இந்த நீலம் எவ்வளவு?"

"சும்மா வந்தது. அதான் முதல்ல விட்டுப் பார்த்தேன்."

"சும்மா வந்ததையா முதல்ல விட்டீங்க?" கண்ணாடியை விட்டு விலகினாள். "என் சனிக்கிழமைக்கு எவ்வளவு குறைச்சாங்கப்பா? அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க."

விலை விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. "மாசம் நாலாயிரம்."

அவள் உதடு அசைந்தது. "ஒண்ணு ஆயிரம்." போய்ப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "லீவுக்கு அம்மாகூடவே இருந்துக்கறேன்."

"பத்து நாள்?"

அவள் சோபா நுனியில் போய் உட்கார்ந்தாள்.

"அஞ்சு? ஒரு சனிக்கிழமையாவது வாம்மா."

"அதான் வித்தாச்சே" என்றாள், கோபமே இல்லாமல்.

அஞ்சு மணிக்கு அவள் போனதும் முக்கால் நீலத்துக்குத் தீனி தூவினார். கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். வாங்கிய மீன் இரண்டு, கொசுறு ஒன்று. செத்தது இரண்டு, இருப்பு ஒன்று. பேசிய நாள் பதினைந்து, வரவு இல்லை. சனிக்கிழமை விற்ற வகையில் இரண்டு வருட வரவு தொண்ணூற்றாறாயிரம். தொட்டி வகையில் செலவு எழுபத்திரண்டாயிரம். கையிருப்பு இருபத்துநாலாயிரம், அவர் போட்ட விலைப்படி இருபத்துநாலு சனிக்கிழமை. அவருக்கு விற்கத்தான் ஆள் இல்லை.