கடலுக்குப் பத்தே நிமிடம்

மோனிகா செத்து இருபத்திரண்டாம் நாள் கிளாரன்ஸ் பெங்களூரு வைட்ஃபீல்டில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்பினான். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அங்கே ஒரே வேலை: பயண இணையதளத்துக்கு ஊர்களைப் பற்றி எழுதுவது. அவள் கடைசியாக எழுதிய ஊர் ரோக்காவெர்தா. தெற்கு இத்தாலியில் ஒரு மலையுச்சி. அன்று மாலை அந்தப் பக்கம் அவள் பேரில், அவள் படத்தோடு, அஞ்சலியாக வெளிவர இருந்தது. ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி டீம் லீட் சுதீர் அனுப்பியிருந்தான்.

முதல் வரியிலேயே கிளாரன்ஸுக்குத் தலை சூடேறியது. 'கிரேக்கர்கள் கட்டிய நகரம். கடலுக்குப் பத்தே நிமிடம்.'

எழுந்து சுதீர் மேஜைக்குப் போனான்.

"இது அவ எழுதினதில்ல."

"கொஞ்சம் டச்சப் பண்ணேன் குரு. மேப்ல அளந்தேன், ஆறு கிலோமீட்டர்தான்."

"நேர்கோடு போட்டு அளந்தியா? காக்காவா டிக்கெட் எடுக்கப்போகுது? மலை ரோடுடா. நாப்பத்திரண்டு வளைவு, அதே மேப்ல உக்காந்து எண்ணியிருக்கா. முக்கால் மணி நேரமாகும்."

"சரி விடு. கிரேக்கர்னாதான் க்ளிக் வரும்."

"கிரேக்கர் கடற்கரையோட நின்னுட்டாங்க. மேல இருந்தவங்க அதுக்கும் முன்னாடி. சாந்தே இல்லாம கல்லுமேல கல்லு வச்சு மதில் கட்டினவங்க. அவங்க பேருகூட யாருக்கும் தெரியாதுன்னு எழுதியிருந்தா. எங்க அது? கீழ இருந்த சனம் ஏன் மலையேறிச்சுன்னு ஒரு பத்தி இருந்துச்சே, அது எங்க?"

சுதீர் சிரித்தான். "எது, சதுப்பு, கொசு, காய்ச்சல்னு வருமே, அதுவா? கொசுன்னு போட்டா எவன் போவான்?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மோனிகாவைக் கொண்டுபோனது டெங்கு.

அந்தப் பத்தி கிளாரன்ஸுக்கு மனப்பாடம். தண்ணீருக்குத் தினம் ஆயிரம் அடி இறங்கி ஏறினாலும் சரி, பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று குடியேறியவர்களின் ஊர். காய்ச்சல் வர நாலு நாளுக்கு முன்பு அவள் எழுதியது.

"பழையபடி போடு."

"கிளையன்ட் ஓகே பண்ணியாச்சு, இனி மாத்த முடியாது. அவ பேரு இருக்கு, படம் இருக்கு. அவளுக்கு மரியாதைதானேடா?"

"செத்தவ வாயில பொய்யைத் திணிக்கிறது மரியாதையா? தள்ளு."

மவுஸைப் பிடுங்கிப் படத்தை நீக்கினான். பேரை அழித்தான். காலியான கட்டத்தில் 'சுதீர்' என்று அடித்தான்.

"ஏய், என் பேரா? நாளைக்கு எவனாவது போயிட்டு வந்து திட்டினா?"

"வாங்கிக்கோ."

கிளாரன்ஸ் பக்கத்தை வெளியிட்டான். அவன் மவுஸை மேஜைமேல் வைத்த சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.