நிற்க முடியுமா என்று கேட்டார்கள்

வண்டி அலுவலகத்துக்கு நான் போன் செய்தால் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டு எழுதிக்கொள்வார்கள். எந்த ஊர், எந்த டாக்டர், எத்தனை மணிக்கு. கடைசியில் மட்டும், "அவர் பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடுங்க" என்பார்கள். அது அவர்கள் விதி. கையில் காசில்லாதவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப்போகும் வண்டி. யாருக்காக வருகிறதோ அவர் வாயாலேயே சில பதில்கள் வர வேண்டும். அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் அப்படித்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவியபடி, காத்திருப்பவர்களுக்காக அவர்கள் போடும் பியானோ இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவன் ஆர்வில் ஜன்னலோரம் தன் மின்சாரச் சக்கர நாற்காலியில் இருந்தான். போன கோடையில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. இப்போது இடது பாதத்தில் ஒரு புண். ஆறவில்லை. லெக்சிங்டனில் இருக்கும் ரத்தக்குழாய் டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கேட்டு வாங்கியது. அதை விட்டால் அடுத்தது இலையுதிர் காலத்தில்தான். "அடைப்பை எடுத்துவிட்டா இந்தக் கால் பிழைக்கும் வெல்டா. ஆனா அது இலையுதிர் காலம் வரைக்கும் காத்திருக்காது" என்று எங்கள் ஊர் மருத்துவமனை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். எங்கள் கார் பனிக்காலத்திலேயே படுத்துவிட்டது. நல்லபடி ஓடியிருந்தாலும் ஆர்விலையும் அந்த நாற்காலியையும் அதில் ஏற்ற என்னால் ஆகாது.

போனை அவனிடம் கொடுத்தேன். மறுமுனைப் பெண் குரல் எனக்கும் கேட்டது.

"சார், உங்களால எழுந்து நிக்க முடியுமா? நீங்களா கார்ல ஏறி உட்கார்ந்துக்குவீங்களா?"

"ஏன் முடியாது? பொறந்ததுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

நான் குழாயை மூடினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா. சரிம்மா. நன்றிம்மா" என்று முடித்து, போனை மேசையில் வைத்தான்.

"என்ன சொன்னே நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"சின்னக் காரை அனுப்புவாங்க ஆர்வில். இந்த நாற்காலி அதுல எங்க ஏறும்?"

"மடக்கிக்கலாம்."

"இது மடங்காது."

"அப்போ என்னை மடக்கு. பாதி ஏற்கெனவே மடங்கித்தானே கிடக்கு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அதுதான் அவனுடைய தந்திரம். சிரித்த பிறகு சண்டை போட முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

எங்கள் மலைகளில் ஆண்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆர்வில் நிலக்கரி லாரி ஓட்டியவன். அலுவலகத்திலிருந்து ஒருவர் "முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்பது மட்டும்தான் பதில். யோசித்தால்கூடப் போதும், மறுநாள் அந்த இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். காய்ச்சலோடு ஓட்டினான், விரல் உடைந்தபோதும் ஓட்டினான். பிறகு முதுகு போய், அரசு தரும் ஊனத்தொகைக்கு விண்ணப்பித்தபோது, விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் எங்கள் சமையலறையிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அங்கே போய் நீதிபதி, "ஒரு வாளித் தண்ணீர் தூக்குவீர்களா?" என்று கேட்டதும், "ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு தூக்குவேன் ஐயா" என்றான். அந்தத் தொகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவனோடு நான் பேசியது கொஞ்சம்தான்.

மதியம் அவன் கண்ணயர்ந்த பிறகு வாசலுக்குப் போய் மறுபடி அழைத்தேன். அதே பெண்தான் எடுத்தாள். பெயர் ரோசலின் என்றாள்.

"அவர் சொன்னது தப்பு. அவரால நிக்க முடியாது. லிப்ட் வெச்ச வேன்தான் வேணும்."

"அவரே சொல்லணும்மா. அவர் குரல்ல பதிவாயிடுச்சு, நான் மாத்த முடியாது."

"நான் அவர் பெண்டாட்டி."

"தெரியுதும்மா. பெண்டாட்டிங்க சொல்றதுதான் சரியா இருக்கும்னு எனக்கும் தெரியும். இங்க அது செல்லாது, அவ்வளவுதான். வியாழக்கிழமைக்குள்ள அவரை ஒரு வார்த்தை பேச வைங்க. வேனுக்கு நானே ஏற்பாடு பண்றேன்."

ஒரு வார்த்தை. செவ்வாய் இரவு பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "காலைப் பத்தின பேச்சு சோத்துக்கு நடுவுல வேண்டாம்டி" என்றான். புதன்கிழமை போனை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அதை எடுத்து வானிலை பார்த்தான். வியாழக்கிழமை நான் எதுவும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். களைப்பு என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமில்லை. கால் போனதிலிருந்து அவனுக்கான பதில்களையெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதா கோயிலில் யாராவது விசாரித்தால், "தேவலை, களைப்பா இருக்கார்." ஒஹாயோவிலிருந்து மகன் கூப்பிட்டால், "அப்பா தூங்கறார்ப்பா." மருந்துக்கடையிலும் பதில் நான்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். குரல் சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் தண்ணீர் கேட்பதற்குக்கூட என் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை போனில் கேட்டது அந்தக் குரல் இல்லை. இமையோரம் கரி ஒட்டியிருக்க, வாசலில் நின்றுகொண்டே "என்ன இருக்கு சாப்பிட?" என்று கத்துகிறவனின் குரல். பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் என் உடம்பு அந்தக் குரலுக்குத் திரும்பியது. அதை இன்னொரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கு விலை அவனுடைய பாதம் என்று தெரிந்துகொண்டேதான் அப்படி ஆசைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, நான் பயந்தபடியே, தாழ்வான சின்ன சிவப்புக் கார் ஒன்று சரளைப் பாதையில் ஏறி வந்தது. ஓட்டி வந்தவள் என் வயதுக்காரி. இறங்கி, வாசலில் நாற்காலிக்காகப் போட்ட சரிவுப் பலகையின் உச்சியில் இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்த ஆர்விலைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். தன் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே. நான் கார்லீன். நடக்கிற ஆளுன்னு எனக்கு எழுதி வந்திருக்கே."

"நடக்கிற ஆளுதான். இன்னிக்கு உட்கார்ந்திருக்கேன்" என்றான் ஆர்வில்.

"ஐயா, நான் உங்களைத் தூக்கக் கூடாது. தூக்கினா என் வேலை போயிடும். அதுக்கு முந்தி என் இடுப்பு போயிடும்."

"யாரு தூக்கச் சொன்னா? கதவைத் திற."

நாற்காலியை இறக்கி, காரின் கதவோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். நாற்காலியை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. காரின் கூரை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். நான் பின்னால் போய் நின்றேன். "தள்ளி நில்லு வெல்டா" என்றான். தள்ளி நின்றேன்.

எழுந்தான். உண்மையாகவே எழுந்தான். அந்த ஒரு பாதத்தின் மேல், கழுத்து நரம்பு புடைக்க, அவனுடைய முழு உயரத்துக்கும் நின்றான். அவன் என்னைவிட எவ்வளவு உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கார்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகு முழங்கால் ஆட ஆரம்பித்தது. நாற்காலியை அவனுக்குக் கீழே தள்ள எனக்குச் சரியாக நேரம் இருந்தது. பொத்தென்று விழுந்து உட்கார்ந்தான். சாக்ஸின் அடிப்பக்கம் சிவப்பாகி, பரவிக்கொண்டிருந்தது.

"நின்னேனா இல்லியா?" என்றான் மூச்சு வாங்க.

"நின்னே" என்றேன்.

கார்லீன் அதற்குள் அலுவலகத்தை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ரோசலின்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பக்கத்து ஊருக்கு ஒருவரை ரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுவந்த லிப்ட் வேன் ஒன்று காலியாக நிற்கிறது என்றாள். "அதை இப்பவே திருப்பி விடுவேன். ஆனா சார் வாயால மாத்திச் சொல்லணும். சார், கேக்குதா? உங்களால எழுந்து நிக்க முடியுமா?"

கார்லீன் போனை அவனுடைய நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். சிகரெட் தேடுகிறவள் போலக் காரின் மறுபக்கம் போய்விட்டாள்.

மலைச்சரிவில் ஊதாப்பூ மரங்கள் பூத்திருந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னாலும் செல்லாத பதில். இத்தனை மாதமாக நான் சொல்லிச் சொல்லிப் பழகிய எதுவும் இங்கே உதவவில்லை என்பதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

"நான் சொல்றதை யாரு கேப்பாங்க?" என்று கேட்டான்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார். எங்கியோ ஒரு மூலையில கிடக்கும்."

"எவ்வளவு காலம்?"

"அது எனக்குத் தெரியலை சார்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "என்னால நிக்க முடியாதும்மா" என்றான். மெல்லச் சொல்லவில்லை. லாரியின் கண்ணாடியை இறக்கி, எடைமேடைக்காரனிடம் பாரம் எவ்வளவு என்று கத்துவானே, அந்தக் குரலில் சொன்னான்.

இதை அவன் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. சாவுச் செய்தி வந்த வீட்டில் நிற்பதுபோல் நின்றேன். அந்தப் பொய்க்குள் அவன் மட்டும் குடியிருக்கவில்லை என்பது அது காலியான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நன்றி சார்" என்றாள் ரோசலின். விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. "மன்னிச்சுக்கங்க, இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கு. இது தற்காலிகமா, நிரந்தரமா?"

அப்போது அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் கேட்பதுபோல் பார்த்தான். பீன்ஸில் உப்பு போதுமா என்பதிலிருந்து சர்க்கரை அளவு வரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள் நான். நான் சிவந்த சாக்ஸைப் பார்த்தேன்.

அவனே போன் பக்கம் குனிந்தான்.

"அதைக் கேக்கத்தாம்மா லெக்சிங்டனுக்குப் போறோம்."

"அப்போ தற்காலிகம்னு போட்டுடறேன் சார்" என்றாள் ரோசலின்.

நான் ரத்தக்குழாய் டாக்டரின் அலுவலகத்தை அழைத்தேன். மதியத்துக்குள் வந்துவிட்டால் கடைசி ஆளாகப் பார்ப்பார் என்றார்கள். உள்ளே போய்த் துணியும் கட்டும் எடுத்துவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். கார்லீன் போகவில்லை. காரில் சாய்ந்து, "நீங்க யாரு வீட்டு ஆளு? உங்க அம்மா எந்தப் பள்ளத்தாக்கு?" என்று ஆர்விலை விசாரிக்க ஆரம்பித்தாள். அவளுடைய பெரியப்பா ஒருவர் ஆர்விலுக்குக் கடன் பட்டுக் கொடுக்காமலே செத்துப்போனவர் என்று தெரியவந்தது. "அப்போ இன்னிக்கு அதை வட்டியோட கழிச்சுட்டேன்னு வெச்சுக்கங்க" என்றாள். "வட்டி மட்டும் கழிஞ்சது" என்றான் அவன். கட்டை இறுக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டானே தவிர என்னைத் தடுக்கவில்லை.

வேன் வந்தது. ஓட்டுநர் அதிகம் பேசாத ஆள். மேடையை இறக்கி, நாற்காலியை அதில் ஏற்றி, விசையை அழுத்தினார். ஆர்வில் மெல்ல மேலே போனான். உள்ளே நாற்காலியின் நான்கு மூலையிலும் பட்டை போட்டுத் தரையோடு இறுக்கினார்.

"நிலக்கரியைக்கூட இப்படிக் கட்டினதில்லைப்பா நான்" என்றான் ஆர்வில்.

"நிலக்கரி புகார் குடுக்காதில்ல ஐயா" என்றார் அவர்.

நான் அவனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவனுடைய பின்தலையும் ஒரு காதும்தான் எனக்குத் தெரிந்தன. பெரிய சாலையில் ஏறி, மலையை வெட்டிய பாறைச் சுவர்களுக்கு நடுவே வண்டி வேகமெடுத்த பிறகு, திரும்பாமலே கூப்பிட்டான்.

"வெல்டா."

"என்ன?"

"அந்த டாக்டர்கிட்ட நீ ஒண்ணு சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டார்."

"என்ன சொல்லணும்?"

"இன்னிக்குக் காலையில நான் நின்னேன்னு."

"ரத்தம் வந்துச்சு, அதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

கொஞ்ச தூரம் போனோம்.

"சொல்லு" என்றான். "ஆனா முதல்ல நின்னதைச் சொல்லு."