கலீல் கடைக்கு மேற்கே

பஹ்ரைனில், எங்கள் குதைபியாவில் யாருக்கும் தன் வீட்டு விலாசம் தெரியாது. பிளாக் நம்பர், ரோடு நம்பர், பில்டிங் நம்பர் என்று அரசாங்கம் வாசலுக்கு வாசல் தகடு அடித்து வைத்திருக்கிறது. அதைப் படித்தவன் ஒருவனையும் நான் இதுவரை பார்த்ததில்லை. "கலீல் கடைக்கு எதிர்ல", "கலீல் கடையிலேருந்து ரெண்டாவது சந்து" என்று சொன்னால்தான் கேஸ் சிலிண்டர்காரன் முதல் சம்பந்தி வீட்டார் வரை வந்து சேருவார்கள்.

அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கமிட்டி எல்லை பிரித்தபோது கலீல் கடையை வைத்தே பிரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். கடை மளிகைக் கடை; இந்த ஊர் வழக்கப்படி பலகையில் 'கோல்டு ஸ்டோர்'. எங்களுடையது இந்தியப் பெற்றோர் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கூடம். பழைய கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒருவர் சளியை ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கட்டடம் தெற்கே, பாலைவனத்தில், பஸ்ஸில் ஒரு மணி நேரம். யார் பிள்ளை எங்கே போவது என்று கமிட்டி தீர்மானம் போட்டது: கலீல் கோல்டு ஸ்டோரும் அதற்குக் கிழக்கேயும் வசிப்போர் பழைய கட்டடம், கலீல் கோல்டு ஸ்டோருக்கு மேற்கே வசிப்போர் புதுக் கட்டடம். எழுதியவர் செயலாளர் அனந்தகிருஷ்ணன். நாகர்கோவில்காரர், ஆடிட்டர், கிழக்கே வசிப்பவர்.

நாங்கள் மேற்கே. கலீல் கடையை ஒட்டி ஒரு லாண்டரி, அதை ஒட்டி எங்கள் பில்டிங். பால்கனியில் நின்றால் கலீல் பாய் வெங்காயம் பொறுக்குவது தெரியும். அவ்வளவு மேற்கு.

என் மகள் பெயர் நாகஜோதி. என் மாமியாரின் வேண்டுதல், நான் தலையிடவில்லை. ஆறாம் வகுப்பு. கலீலுர் ரஹ்மான் பாய் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார், அவர் மகள் சப்ரீனாவும் ஆறாம் வகுப்பு. இரண்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தினமும் சண்டை, தினமும் ஒரே டிபன் பாக்ஸ்.

ஜோதிக்குச் சர்க்கரை வியாதி. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. பிள்ளைகளுக்கு வந்து, மாத்திரைக்கு அடங்காமல், ஊசி போட்டே ஆக வேண்டிய வகை. ஊசிக்கு நாங்கள் பழகிவிட்டோம். பழக முடியாதது, சர்க்கரை திடீரென்று இறங்குவது. இறங்கினால் உடனே இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும், தாமதித்தால் மயக்கம். அதற்கு மேலே டாக்டர் சொன்னதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. இதில் கொடுமை, இறங்குவது ஜோதிக்கே தெரியாது. எனக்கும் தெரியாது, பெற்ற கனகாவுக்கும் சட்டென்று பிடிபடாது. சப்ரீனாவுக்குத்தான் தெரியும்.

"சிம்பிள் அங்கிள்," என்று ஒருநாள் எனக்கு விளக்கினாள். "ஜோதி 'ப்ளீஸ்' சொன்னா லோ. 'தேங்க்யூ' சொன்னா வெரி லோ."

யோசித்துப் பார்த்தால் உண்மை. சர்க்கரை சரியாக இருக்கும்போது என் மகள் யாரிடமும் மரியாதையாகப் பேசியதில்லை. சப்ரீனா பையில் எப்போதும் இரண்டு மாம்பழ ஜூஸ் டப்பா இருக்கும். ஜோதி பணிவாக ஏதாவது சொன்னால் போதும், ஸ்ட்ராவைக் குத்திக் கையில் திணித்துவிடுவாள்.

வியாதி விஷயம் பள்ளிக்கூட நர்சுக்கும் டீச்சருக்கும் கலீல் பாய் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். "பொம்பளப் பிள்ளை. நாளைக்கு நாலு பேரு வந்து கேக்குற வீடு" என்பது கனகாவின் கட்சி. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்த நாளை ரொம்பத் தூரம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஊரில் என் அண்ணன் தம்பிகள் பேசப்போவதை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஜோதிக்கு ஒரு மணி நேர பஸ், கடைக்கு மேலேயே குடியிருக்கும் சப்ரீனாவுக்குப் பழைய கட்டடம். பஸ்ஸில் ஒரு ஆயா உண்டு, ஏறியதும் தூங்கிவிடுவார். எனக்குத் தள்ளி, சித்ரா தீவில் விடிந்ததும் டூட்டி. கனகா டிரைவிங் டெஸ்டுக்குப் போவாள், தோற்பாள், மறுபடி போவாள். அந்த பஸ்ஸில் சப்ரீனா இல்லாமல் ஜோதியை ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணனைத் தனியாகப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், டீ சொன்னார், மேசை டிராயரைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்க சர்டிபிகேட்.

"மேற்கே இருக்கிற பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஆஸ்துமா, பாஸ்கர். தீர்மானம் வந்த வாரமே வந்திருக்கு. எல்லாம் ஒரே கிளினிக், ஒரே கையெழுத்து."

"என்னோடது நெஜம் சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அதனால யாரோடதையும் படிக்கிறதில்லன்னு கமிட்டி முடிவெடுத்துருச்சு. பாரபட்சம்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது பாருங்க."

அவர் நியாயமான மனிதர். அன்று அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

இந்த நிலையில்தான் கலீல் கடை இருந்த பில்டிங்கை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கடையையும் வீட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று கிழக்கே மெயின் ரோட்டில். பெரிய ஷட்டர், மேலே லிஃப்ட் வைத்த வீடு. இன்னொன்று மேற்கே, எங்கள் பில்டிங்கின் கீழ்த்தளத்தில், ஒரு தையல்காரர் கைவிட்டுப் போன கடை. அதோடு சேர்ந்த வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கலீல் பாயின் மனைவி மதீனா பீவிக்கு இரண்டு முட்டியும் வலி. எது எடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கக் கூடாது.

ஆனால் தீர்மானத்தில் கடை என்றுதான் எழுதியிருந்தது. கடை மேற்கே நகர்ந்தால் எல்லையும் நகரும், நாங்கள் பழைய கட்டடத்துக்கு வந்துவிடுவோம். கிழக்கே நகர்ந்தால் நடுவில் இருக்கிற குடும்பங்களும் பாலைவனத்துக்குப் போகும். இதை முதலில் கண்டுபிடித்தவன் யார் என்று தெரியவில்லை. மறுநாள் கலீல் கடையில் நிற்க இடமில்லை. மேற்குக்காரர்கள் அரிசி மூட்டையாக வாங்கினார்கள். கிழக்குக்காரர்கள் எண்ணெய் டின்னாக வாங்கினார்கள். எல்லாரும் போகும்போது, "பாய், கடை எங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் "இன்ஷா அல்லாஹ்" என்றார். இரண்டு கட்சியும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொதுக்கூட்டம். ஹால் நிரம்பி வழிந்தது. கடை என்பது கடை இருந்த இடமா, இருக்கப்போகும் இடமா என்பதுதான் கேள்வி. கிரேன் ஓட்டும் ஜெயசீலன் முதலில் எழுந்தார். தூத்துக்குடிக்காரர், மேற்குக் கட்சி.

"கடைன்னா சொவரு கெடையாது சார். கடைன்னா கலீல் பாய். அவரு எங்க நிக்காரோ அதான் கடை."

"அப்ப பாய் லீவுல ஊருக்குப் போனா எல்லை அதிராம்பட்டினத்துக்குப் போயிருமா?" என்று அனந்தகிருஷ்ணன் கேட்டார்.

"போனா போட்டும். எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

முன்வரிசையில் இருந்த பூகோள டீச்சர் எழுந்து, பஹ்ரைன் அதிராம்பட்டினத்துக்கு மேற்கே இருப்பதால் அப்படி வந்தால் தீவு முழுக்கப் புதுக் கட்டடத்துக்குத்தான் போக வேண்டிவரும் என்று விளக்கினார். அது குறிப்பேட்டில் பதிவானது. ஜெயசீலன் தன் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அடுத்து பெயர்ப்பலகைதான் கடை என்றார் ஒருவர். ஃப்ரீசர்தான் என்றார் இன்னொருவர். கலீல் பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற அறிகுறியே முகத்தில் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில் கனகா எழுந்தாள். என்னிடம் சொல்லவே இல்லை. பொதுக்கூட்டத்தில் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை.

"எம் பொண்ணுக்குச் சர்க்கரை இருக்கு," என்றாள். "ஊசி போடுறோம். அந்த பஸ்ஸுல அவளத் தனியா அனுப்ப முடியாது. எறங்குனா பாத்துக்கிற பிள்ளை இங்கிட்டு இருக்கு."

மூன்று வருடமாக மூடி வைத்ததை மைக்கில் சொல்லிவிட்டாள். பிறகு ஜெயசீலன் எழுந்து ஆறுதலாகவே சொன்னார்:

"எங்க வீட்லயும் ரெண்டுக்கும் ஆஸ்துமாதான், தங்கச்சி. அத இப்பம் எடுக்க மாட்டாங்களாம்."

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, கூட்டாளிச் சிரிப்பு. கனகா உட்கார்ந்தாள். நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தோம். ஒரு ஹால் முழுக்கக் கேட்டார்கள், ஒருவரும் நம்பவில்லை. அந்த வகையில் எங்கள் ரகசியம் பத்திரமாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதீனா பீவி கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் முடியும் வரை விடவில்லை.

கூட்டம் முடிவெடுக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த வாரம் கலீல் பாய் கடையை மாற்றினார். எங்கள் பில்டிங்கின் கீழே, தையல்காரர் கடைக்கு. ஃப்ரீசரை நாலு பங்களாதேஷ்காரர்கள் தள்ளிக்கொண்டு லாண்டரியைத் தாண்டியபோது மேற்குக்காரர்கள் கை தட்டினார்கள். ஜெயசீலன் ஒரு கை பிடித்துத் தள்ளினார். நானும் தள்ளினேன். வீட்டுச் சாமான்கள் மூன்றாவது மாடிக்கு ஏறின. மதீனா பீவியும் ஏறினார், படிக்கு ஒரு பெருமூச்சோடு.

"மெயின் ரோட்டுக் கடைய விட்டுட்டீங்களே பாய்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல எம் பேச்சு என்னைக்குத் தம்பி எடுபட்டிருக்கு?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. கிழக்கே குடும்பங்கள் அதிகம். ஒரே ஒரு திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது: கடை என்பது, தீர்மானம் போட்ட நாளில் கடை இருந்த இடம். அந்த இடத்தில் அப்போது ஒரு பெரிய பள்ளமும் அதைச் சுற்றித் தகர வேலியும் இருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்தின் எல்லை இன்றுவரை அந்தப் பள்ளம்தான். நாங்கள் மேற்கேதான். இப்போது கலீல் பாயும் மேற்கே. ஊர் முழுக்க அவருக்காகப் பரிதாபப்பட்டது. நல்ல கடையும் போச்சு, லிஃப்டும் போச்சு, மகளுக்குப் பழைய பள்ளிக்கூடமும் போச்சு, பாய் ஏமாந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. மதீனா பீவி ஏறும்போது இளைப்பாற இரண்டாவது மாடியில் எங்கள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். ஒருநாள் அவர் அதில் உட்கார்ந்திருந்தபோது கனகாவும் நானும் போய் நின்றோம்.

"எங்களால உங்களுக்கும் நஷ்டம் அக்கா," என்றேன்.

"என்ன நஷ்டம்?"

"கோடு நகரும்னு நம்பி வந்தீங்க. நகரலையே."

முட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கொஞ்சம் மந்தம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"நகந்தா என்ன தம்பி, நகராட்டி என்ன? அங்கிட்டுப் போட்டாலும் இங்கிட்டுப் போட்டாலும் ரெண்டு பிள்ளைக்கும் ஒரே வாசல். நட்டநடு மாடிப்படியில வந்தா கோடு போடப் போறாங்க?"

எல்லாரும் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தோம். இந்த அம்மாள் சாமானைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். கனகா அவருக்காகக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். "மொதல்ல தண்ணியக் குடு புள்ள," என்றார் மதீனா பீவி.

புதுக் கட்டடம் திறந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பஸ் வந்தது. ஆயா ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். சப்ரீனா முதலில் ஏறி ஜன்னலோரம் பிடித்தாள். ஜோதி ஏறப்போனவள், படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பை அப்பா. தேங்க்யூ," என்றாள்.

மகள் பெரியவளாகிவிட்டாள், அப்பாவின் கஷ்டம் புரிய ஆரம்பித்துவிட்டது என்று நான் பூரித்துப்போய்க் கையாட்டிக்கொண்டு நின்றேன். பஸ் நகரும்போது ஜன்னலில் பார்த்தால், சப்ரீனா ஸ்ட்ராவைக் குத்தி ஜூஸ் டப்பாவை அவள் வாயில் வைத்திருந்தாள்.